மாப்பிள்ளையின் காரில் கை வைத்த விவரம்

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான் சுகம், உங்கள் அத்தை என்னைவிடச் சுகம். நீங்களும் நம் பெண்ணும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒருவரை ஒருவர் அளவோடு கோபித்துக்கொண்டு நல்லபடி இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் எங்களிடம் விட்டுவிட்டுப் போன காரும் சுகம். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதுகிற தகுதி எனக்கு நேற்றுதான் வந்தது. முந்தாநாள் எழுதியிருந்தால் அது பச்சைப் பொய்யாக இருந்திருக்கும். நடந்ததை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்கார்ந்துகொள்ளுங்கள்.

ஃபோனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நம் இருவருடைய ஃபோன் பேச்சு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "நல்லா இருக்கீங்களா மாமா" என்பீர்கள். "நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா" என்பேன். "அங்க மழையா" என்பேன். "இல்ல மாமா" என்பீர்கள். அப்புறம் நான் மூச்சு விடுவதை நீங்களும், நீங்கள் மூச்சு விடுவதை நானும் கேட்டுக்கொண்டிருப்போம். "இதோ அத்தைகிட்ட கொடுக்கிறேன்" என்று நான் தப்பித்து ஓடுவேன். கண்டக்டர் வேலையில் இருந்த காலமெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் ஊர் பேர் தெரியாதவர்களோடு வாய் ஓயாமல் பேசியவன் நான். சொந்த மாப்பிள்ளையிடம் மட்டும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வருவதில்லை. உங்களுக்கும் அதே கதிதான் என்று நம் பெண் சொல்லிச் சிரிக்கிறாள். காரைப் பற்றி என்றால் மட்டும் நம் இருவருக்கும் பேச்சு வரும்.

அதனால்தான் போன தடவை கிளம்புவதற்கு முன்னால் நீங்கள் டிக்கியைத் திறந்து, ஜாக்கிக்குப் பக்கத்தில் இருந்த அந்த அட்டைப் பெட்டியைக் காட்டியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "புது இன்ஜெக்டர் மாமா. எஞ்சினுக்குள்ள பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கிறது இதுதான். பழசு சரியில்ல, அதான் சிக்னல்ல வண்டி நின்னா உதறுது. அடுத்த தடவை வரும்போது நாம ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டலாம்" என்றீர்கள். நான் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி வைத்தேன். ஆனால் அன்றிலிருந்து காரைத் தூசி தட்டுகிற சாக்கில் அடிக்கடி டிக்கியைத் திறந்து அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு மூடுவேன். உள்ளே இருந்த உறைகளைப் பிரித்ததில்லை, சத்தியம். பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. உங்கள் அத்தைக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பாள்.

போன வாரம் நம் பெண் ஃபோன் செய்து, "அப்பா, இந்தத் தடவையும் வர முடியாதுப்பா. அவருக்கு ஆபீஸ்ல ஆள் இல்லையாம், லீவ் தரமாட்டேங்கறாங்க" என்றாள். நான் "அதனால என்னம்மா, வேலைதானே முக்கியம்" என்றேன். ஃபோனை வைத்தேன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உங்கள் ஆபீஸ் மேலா, உங்கள் மேலா, அந்தப் பெட்டி மேலா என்று தெரியவில்லை. வராதவருக்காக எத்தனை நாள் ஒரு காரை உதறவிட்டுக்கொண்டிருப்பது, எனக்கு மட்டும் கை இல்லையா என்று தோன்றியது. உங்கள் அத்தையிடம், "நாளைக்கு இன்ஜெக்டர் மாத்தப் போறேன்" என்று அறிவித்தேன். அவள், "உங்களுக்கு பல்பு மாத்தவே ஏணி பிடிக்க ஒரு ஆள், திட்டு வாங்க ஒரு ஆள் வேணும்" என்றாள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வாழ்ந்தவன் நான், டிரைவர் முன்னால் பார்ப்பான், நான் பின்னால் நின்று காதால் பார்ப்பேன் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் பாதியிலேயே துணி உலர்த்தப் போய்விட்டாள்.

காலையில் பானெட்டைத் தூக்கினேன். மேலே இருந்த பிளாஸ்டிக் மூடி சமர்த்தாக வந்தது. அதற்கு அடியில் நான்கு இன்ஜெக்டரும் வரிசையாக நின்றன, நான்குக்கும் மேலே ஒரே பெட்ரோல் குழாய், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கரண்ட் பிளக். பிளக்கில் மூன்றை அழகாகக் கழற்றினேன். நான்காவதன் கொக்கி என் விரலை ஒரு கடி கடித்துவிட்டுத்தான் விட்டது. இவ்வளவு சுலபமான வேலைக்கா இத்தனை நாள் காத்திருந்தோம் என்று நினைத்தபடி பெட்ரோல் வருகிற குழாயின் முனையை இழுத்தேன். எஞ்சின் அணைந்திருந்தாலும் அந்தக் குழாய்க்குள் பெட்ரோல் முட்டிக்கொண்டு நிற்கும், அதை முதலில் தணிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. புஸ்ஸென்று கிளம்பிய பெட்ரோல் என் காதை உரசிக்கொண்டு போய், ஷெட்டுக்கு வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வெள்ளைச் சட்டை மேல் விழுந்தது. பக்கத்தில் அவளுடைய புடவை, தலையணை உறை, துண்டு எல்லாம் தொங்கின. அவற்றின் மேல் ஒரு சொட்டுக்கூட இல்லை. என் சட்டையை மட்டும் தேடிப் பிடித்து அடித்திருந்தது.

உங்கள் அத்தை ஜன்னல் வழியாக மோப்பம் பிடித்தாள். சமையலறை ஜன்னல் ஷெட்டைப் பார்த்து இருப்பது இந்த வீட்டைக் கட்டியவர் எனக்குச் செய்த துரோகம். "இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் இந்த வீட்ல அடுப்பு பத்த வைக்க மாட்டேன்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை, கேஸ் சிலிண்டரை மூடி, தீப்பெட்டியைக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அந்த விஷயத்தில் அவள் செய்தது சரி என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பெட்ரோல் வாசத்துக்கு இன்னொருவரும் வந்தார். தெருமுனைப் பட்டறைக்காரரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எதைக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்பதால் தெருவே அவரைப் பொறுமை என்றுதான் கூப்பிடுகிறது. அந்த ஒன்றுதான் அவரிடம் கிடையாது. சொந்தப் பட்டறையின் இரும்புக் கதவு மணிக்கட்டில் இறங்கி, வலது கையில் மாவுக்கட்டோடு வீட்டில் அடைந்து கிடந்தவர், எங்கள் ஷெட்டில் பானெட் திறந்திருப்பதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வந்து சேர்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை அவரே ஒற்றைக் கையால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பம்ப்போட ஃபியூஸைப் பிடுங்கிட்டு, வண்டியை ஓடவிட்டு, அது தானா அணையற வரைக்கும் விட்டீங்களா?"

"இல்ல."

"பேட்டரி வயரையாவது கழட்டினீங்களா?"

"இல்ல."

"அப்ப என்னதான் பண்ணீங்க?"

"மூடியைக் கழட்டினேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த அதே பார்வையால்தான், டிக்கெட் வாங்காமல் கடைசி நிறுத்தம் வரை வந்தவனை நான் ஒரு காலத்தில் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் வாய், என் கை. பேட்டரியைக் கழற்ற வைத்தார், சிந்தியதைத் துடைக்க வைத்தார், காற்றாட விட்டார். குழாயைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றி, நான்கு இன்ஜெக்டரையும் குழாயோடு சேர்த்து மேலே தூக்கச் சொன்னார். "ஆட்டி ஆட்டி எடுங்க, பிடுங்காதீங்க." ஆட்டினேன். "இப்படி இல்ல, அப்படி." அப்படி ஆட்டினேன். "பொறுமை, பொறுமை, சீக்கிரம்." மூன்று வந்தன. ஒன்று மட்டும் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் தூங்குகிற பயணி மாதிரி குழியிலேயே உட்கார்ந்துகொண்டது. அதையும் கெஞ்சிக் கொஞ்சி எடுத்தேன். நான்கும் கரி பிடித்துக் கன்னங்கரேலென்று இருந்தன. குழி ஓரத்துக் கரியைத் துடைக்கப் பொறுமை தன் பட்டறையிலிருந்து ஒரு டப்பா மருந்து கொண்டுவந்து வைத்தார். திறந்திருக்கும் குழிகளுக்குள் ஒரு தூசி விழுந்தாலும் எஞ்சின் போச்சு, துணி வைத்து அடையுங்கள் என்றார் பொறுமை. துணி கேட்டு உள்ளே குரல் கொடுத்தேன். உங்கள் அத்தை கண்மூடித் திறப்பதற்குள் கொண்டுவந்தாள். அவ்வளவு வேகம் எப்படி என்று அப்புறம்தான் பார்த்தேன். என் பழைய கண்டக்டர் சட்டை. அதைக் கிழிக்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று நான் வேலையிலிருந்து நின்ற நாளிலிருந்து காத்திருந்திருக்கிறாள். அதன் பைகளை மட்டும் கிழிக்காமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

ஷெட்டின் பலகை மேல் ஒரு துண்டை விரித்து, கழற்றிய பழையது நான்கையும் ஒரு பக்கம் வைத்தேன். பெட்டியைத் திறந்து, புதியது நான்கையும் உறையிலிருந்து பிரித்து மறுபக்கம் ஒரு தட்டில் வைத்தேன். வரிசை விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டாள். அடுப்பு இல்லாத சாப்பாடு, அதாவது ரொட்டியும் வாழைப்பழமும். பொறுமையும் உட்கார்ந்தார். ஒற்றைக் கையால் பழம் உரிக்க முடியாமல் அவர் தவிக்க, நான் உரித்துக் கொடுக்க, அவர் தன் பட்டறைக் கதவைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொல்ல, சாப்பாடு நீண்டுகொண்டே போனது. உங்கள் அத்தை எங்களுக்குப் பரிமாறிவிட்டு ஷெட்டுப் பக்கம் போய் ஏதோ ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். வெளியே இருக்கிற எதையும் உள்ளே வைக்காமலும், அழுக்காக இருக்கிற எதையும் கழுவாமலும் அவளால் இருக்க முடியாது.

சாப்பிட்டதும் பொறுமை நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். எழுப்ப மனமில்லை. உண்மையைச் சொன்னால், அவர் விழிப்பதற்குள் முடித்துக்காட்ட வேண்டும் என்று ஓர் ஆசை. தட்டில் நான்கு இன்ஜெக்டர் பளபளவென்று மின்னின. பழையதைக் காணோம். "பழசெல்லாம் எங்க?" என்றேன். "எல்லாத்தையும் கழுவி, உள்ள வைக்க வேண்டியதை உள்ள வச்சாச்சு" என்றாள். எதையும் எறிய மாட்டாள் என்பது தெரிந்ததுதானே, விட்டுவிட்டேன். படிக்கிற கண்ணாடி உள்ளே எங்கோ இருந்தது, போட்டிருந்தது தூரத்துக் கண்ணாடி. பரவாயில்லை, எனக்குக் காதுதான் முக்கியம். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் மேலும் கீழும் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதில் எண்ணெய் தடவித்தான் குழியில் இறக்க வேண்டும் என்று பொறுமை தூங்குமுன் சொல்லியிருந்தார். எந்த எண்ணெய் என்று சொல்லவில்லை. நான் உங்கள் அத்தை தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைத் தாராளமாகத் தடவி நான்கையும் இறக்கினேன். போல்ட்டை முடுக்கி, பிளக்குகளை மாட்டி, குழாயைச் சேர்த்து, பேட்டரியையும் கொடுத்தாயிற்று. அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, சாவியைப் பாதி மட்டும் திருப்பச் சொல்லி, பழக்கதோஷத்தில் "போலாம், ரைட்" என்றேன்.

திருப்பினாள். ஒரு இன்ஜெக்டரின் தலைமாட்டிலிருந்து பெட்ரோல் கசிந்து சொட்டியது. "நிறுத்து" என்று நான் போட்ட சத்தத்தில் பொறுமை விழித்துக்கொண்டார். வந்து குனிந்து மோந்து பார்த்தார். பெட்ரோல் வாசமும் கூந்தல் வாசமும் கலந்து வருவதை அவர் தொழிலில் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்திருக்கிறார். "எஞ்சின் ஆயில்ல ஒரு சொட்டுய்யா, ஒரே ஒரு சொட்டு" என்று தலையில் அடித்துக்கொள்ளப் போய், மாவுக்கட்டு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினோம். ரப்பர் வளையங்களை நகத்தால் அழுத்திப் பார்த்தவர், "புது இன்ஜெக்டர்ல ரப்பர் இவ்வளவு கெட்டியாவா இருக்கும்? வெடிச்சுல்ல இருக்கு" என்றார். "இப்பல்லாம் எது புதுசா வாங்கினாலும் இப்படித்தான் இருக்கு" என்று நான் உலக நடப்பை எடுத்துச் சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார். நல்லவேளை, நீங்கள் உங்கள் முன்யோசனையால் பெட்டிக்குள் ஒரு சின்ன உறையில் தனியாக ரப்பர் வளையங்கள் வாங்கி வைத்திருந்தீர்கள். அவற்றை மாற்றி, முறைப்படி எண்ணெய் தொட்டு, கை விரலால் அழுத்தி, ஒவ்வொன்றும் டொக்கென்று உட்காருகிற வரை இறக்கினோம். அவர் திட்டிக்கொண்டே இருந்தார். கசிவு இல்லை என்று உறுதியான பிறகு அவள் சாவியை முழுக்கத் திருப்பினாள்.

மாப்பிள்ளை, எஞ்சின் பிடித்தது. உதறல் இல்லை, தடுமாற்றம் இல்லை. ஓடுகிறதா என்று பொறுமையே காதைக் கொடுத்துக் கேட்டார். நேற்று உங்கள் அத்தையும் நானும் கடைத்தெரு வரை போய்வந்தோம். ஒவ்வொரு சிக்னலிலும் அவள் தண்ணீர் பாட்டிலை டேஷ்போர்டின் மேல் வைத்து, தண்ணீர் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். ஆடவில்லை. "பரவால்லையே" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் இவ்வளவு புகழ்ந்ததில்லை. புது இன்ஜெக்டர் புது இன்ஜெக்டர்தான். எனக்குத்தான் முந்தாநாளிலிருந்து வாயில் பெட்ரோல் வாசம் போகமாட்டேன் என்கிறது. பல் தேய்த்தால் இன்னும் அதிகமாகிறது. எப்படியோ உள்ளே போயிருக்கிறது போல.

ஆனால் சந்தோஷம் கடைத்தெருவிலிருந்து வீடு வரைதான் நின்றது. காரை ஷெட்டில் விட்டுவிட்டு, பழக்கத்தில் டிக்கியைத் திறந்தேன். ஜாக்கி மட்டும் இருந்தது. பக்கத்தில் பெட்டி இருந்த இடம் தூசி படியாமல் சதுரமாகத் தெரிந்தது. அப்போதுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்வதற்கென்று இருந்தது ஒரே ஒரு வேலை. அதை ரோஷத்தில் நான் தனியாகச் செய்துவிட்டேன். நீங்கள் ஸ்பேனரைக் கேட்க, நான் தப்பான ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க, நீங்கள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்ள, அப்படி ஒரு பகல் முழுக்கப் போகும் என்று நான் நினைத்து வைத்திருந்தேன். எனக்கு மகன் இல்லாத குறை இருந்தது என்று சொல்லமாட்டேன், நம் பெண் அதற்கு இடம் வைக்கவில்லை. உங்களோடு ஒரு நாள் கையில் கரி படிய நிற்க வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். முகத்துக்கு நேரே இதைச் சொல்ல வராது. அதனால் எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எப்படியும் வேலை முடிந்துவிட்டது. இனி இதற்காக நீங்கள் அவசரப்பட்டு வர வேண்டியதில்லை. ஆபீஸில் ஆள் கிடைத்து, லீவும் கிடைத்து, சௌகரியப்பட்டபோது வாருங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நம் பெண் திட்டினால் ஒரு காதில் வாங்கி மறுகாதில் விட்டுவிடுங்கள், அவள் அம்மா வழி அது. நீங்கள் இருவரும் எக்குறையும் இல்லாமல் நீடூழி வாழ நானும் அத்தையும் மனதார வாழ்த்துகிறோம்.

பிரியமுள்ள
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடி சமையலறை இழுப்பறையைத் திறந்தேன். ஸ்பூன்களுக்கு நடுவில், துணியில் சுற்றி, நான்கு இன்ஜெக்டர் இருந்தன. கரி இல்லை, கீறல் இல்லை, ரப்பர் வளையம் பிஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறது. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சுத்தமா இருந்ததை உள்ள வச்சேன். அழுக்கா இருந்ததை, பொறுமை கொண்டுவந்த மருந்துல ஊறப் போட்டுத் தேய்ச்சு, தட்டுல வச்சேன். மாட்டப் போறதைத்தானே கழுவணும்?" என்றாள். அவள் சொல்வதில் எனக்குத் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. எதால் தேய்த்தாய் என்றேன். என் டூத் பிரஷ்ஷாலாம். பொறுமையிடம் ஓடினேன். அவர் நாற்காலியோடு சாய்ந்து சிரித்துவிட்டு, "இன்ஜெக்டர் வாயில கசடு அடைச்சிருந்திருக்கு, அதான் உதறல். கழுவினதுல இப்போதைக்குச் சரியாயிருக்கு, ஆனா ரொம்ப நாள் தாங்காது. புதுசை ஒரு நாள் மாட்டித்தான் ஆகணும்" என்றார்.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் காரில் இப்போது ஓடுவது உங்கள் பழைய இன்ஜெக்டர்களேதான். புதியது நான்கையும் பெட்டியில் போட்டு, டிக்கியில் ஜாக்கிக்குப் பக்கத்தில், அந்தச் சதுரத்தின் மேலேயே வைத்துவிட்டேன். மேலே "வேலை முடிந்துவிட்டது, அவசரப்பட்டு வர வேண்டியதில்லை" என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதை மட்டும் அடித்துவிட்டு இன்னொரு தடவை படியுங்கள்.